மீட்டருக்குப் போன கட்டளைகள்

ஷைனியை அந்தக் கம்பெனியில் யாருக்கும் பிடிக்காது. அது அவளுக்கும் தெரியும். தேர்வாய் கண்டிகையில் கார்களுக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், சுற்றும் கம்பெனி அது. டெஸ்டிங் அவள் பொறுப்பு. ஒரு காயிலைத் தேறாது என்று கழித்தால் காரணத்தை ஒரு முறைதான் சொல்வாள். மறுபடி கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவளை அதிகம் வெறுத்தவன் உற்பத்திப் பிரிவின் துளசிராமன். ஆரம்பாக்கத்தில் அவன் குடும்பத்து வயலில் நாற்று நட்டவள் ஷைனியின் அம்மா கன்னியம்மா. அந்த வீட்டுப் பெண் இன்ஜினியரிங் முடித்து, தனக்குச் சமமான வேலையில் உட்கார்ந்துகொண்டு, தன்னை 'துளசி' என்று கூப்பிடுவது அவனுக்குப் பொறுக்கவில்லை. மற்ற எல்லாரையும் அவள் சார் என்றுதான் கூப்பிட்டாள்.

காயிலின் மின்தடையை அளக்கும் மீட்டரில், பக்கத்து ஆலையின் மின் உலை ஓடும்போதெல்லாம் எண்கள் ஆடும். அதனால் பத்து முறை அளந்து சராசரியைக் காட்டும்படி அதை வைத்திருந்தாள் ஷைனி. அதிலும் இரண்டு வழி உண்டு. ஒவ்வொரு காயிலுக்கும் பழைய அளவுகளை அழித்துவிட்டுப் புதிதாக எடுக்கலாம், நேரம் பிடிக்கும். பழையதில் ஒன்றைத் தள்ளிப் புதியதில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டே போகலாம். சீக்கிரம் முடியும், ஆனால் முந்தின காயிலின் அளவு அடுத்ததோடு கலந்துவிடும். ஷைனி முதல் வழியை விடவே மாட்டாள்.

ஒருநாள் காலை எண்கள் சட்டென்று வந்து விழுந்தன. சந்தேகப்பட்டு, கழித்து வைத்திருந்த ஒரு காயிலை மாட்டிப் பார்த்தாள். மீட்டர் அதைப் பாஸ் செய்தது. பட்டன்களை அழுத்தினாள், எதுவும் அசையவில்லை. யாரோ கம்ப்யூட்டரிலிருந்து கட்டளை அனுப்பி மீட்டரைத் தன் பிடியில் வைத்திருந்தார்கள்.

நேராகத் துளசிராமனின் கேபினுக்குப் போனாள்.

"என் மீட்டர்ல கை வச்சது யாரு?"

"உன் மீட்டரா? உங்க ஊட்லருந்து எடுத்துக்கினு வந்தியா?" என்றான் துளசிராமன். "ஒரு காயிலுக்கு எவ்ளோ நேரம்? என் லைனு பூரா குந்திக்கினு கீது."

"கெட்டதெல்லாம் பாஸாவுது, துளசி."

"மொதல்ல சார்னு கூப்புடு."

"மாட்டேன். இன்னா பண்ணுவ?"

இருக்கைக்குத் திரும்பி, பழைய வழிக்கே மாற்றச் சொல்லி மீட்டருக்குக் கட்டளை அனுப்பினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆத்திரத்தில் பத்து முறையை நூறு முறை ஆக்கினாள். லைன் ஊர்ந்தது. துளசிராமன் தன் கேபினிலிருந்தே மறுபடி மாற்றினான். அவளும் மாற்றினாள். மதியம்வரை இருவரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டே அடித்துக்கொண்டார்கள்.

மீட்டர் முன் வேலை பார்த்த பூமிகா ஓடி வந்தாள். "அக்கா, இதே காயிலு அப்ப ஒண்ணு காட்டுச்சு, இப்ப ஒண்ணு காட்டுது. இன்னா பண்றது?"

"போய் வேலையப் பாரு," என்று எரிந்து விழுந்தாள் ஷைனி.

சாப்பாட்டுக்குப் பிறகு மேனேஜர் சந்திரமோகன் லைனுக்கு வந்தார். எந்தக் காயில் எந்த வழியில் அளக்கப்பட்டது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அன்றைய சரக்கு முழுவதையும் நிறுத்திவிட்டு இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"டெஸ்டிங்ல கை வைக்க உனக்கு யாருய்யா பெர்மிஷன் குடுத்தா?" என்று துளசிராமனைக் கேட்டார். மேனேஜர் ஷைனி பக்கம் திரும்பினார். "பத்து தடவ போதும்ல? நூறு எதுக்கும்மா?"

"அவன வெறுப்பேத்தத்தான் சார்," என்றாள் ஷைனி.

துளசிராமன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். மேனேஜர் மேசையில் ஓங்கி அடித்து அவனை உட்கார வைத்தார்.

கட்டளை அனுப்பும் உரிமை இருவரிடமிருந்தும் பறிக்கப்பட்டது. நிறுத்திய சரக்கை ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவருமே மறுபடி அளக்க வேண்டும் என்றார் மேனேஜர். ஷைனியால் அன்று சர்ச்சுக்குப் போக முடியவில்லை. அவன் காயிலை எடுத்துக் கொடுத்தான், அவள் மாட்டினாள். கெட்டதாக ஒன்று வரும்போதெல்லாம் அவன் முகம் இறுகியதை அவள் ரசித்தாள். ஒரு தட்டுக் காயில் முழுவதும் நல்லதாகவே வந்தபோது அவன் சிரித்தான். அவள் அடுத்த தட்டைத் தானே வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவளைக் கும்மிடிப்பூண்டி யூனிட்டுக்கு மாற்றினார்கள். துளசிராமன் இருந்த இடத்திலேயே இருந்தான். அவள் யாரிடமும் ஏன் என்று கேட்கவில்லை. புது இடத்தில் உட்கார்ந்ததும் முதலில் அங்கிருந்த மீட்டருக்குக் கட்டளை அனுப்பும் பாஸ்வேர்டை மாற்றினாள்.