மூன்று வெள்ளைக் கோடுகள்

எனக்கு யாரையும் சட்டென்று நம்பத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இருபத்தாறு வருடமாக எனக்குச் சோறு போடுவதே இந்தக் குணம்தான். திண்டிவனத்தில் ஒரு கமிஷன் மண்டியில் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, தரம் பார்க்கிற வேலை. மூட்டையை அவிழ்த்ததும் மேலே தெரிகிற காய் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினால்தான் சங்கதி வெளியே வரும். ஈரக் காய், பொக்கு, மண்கட்டி எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். கோயிலுக்குக் காணிக்கையாக வந்த மூட்டையில்கூட நான் கையை விட்டுப் பார்த்திருக்கிறேன்.

அள்ளிய காயை உடைத்து ஒரு பருப்பை வாயில் போட்டு வலப்பக்கக் கடைவாயில் கடிப்பேன். நன்றாகக் காய்ந்த பருப்பு டக்கென்று இரண்டாகும். ஈரம் இருந்தால் பல்லிலேயே நசுங்கும். கடித்ததைத் துப்பிவிட்டு, "காஞ்சிருக்கு" என்று நான் சொன்னால் வாங்குகிறவர் பேச்சை ஆரம்பிப்பார். "இன்னும் ரெண்டு வெயில் காட்டணும்" என்று சொன்னால் விவசாயி முணுமுணுத்துக்கொண்டாவது மூட்டையைக் கட்டித் திரும்ப எடுத்துக்கொண்டு போவார். இரண்டு பக்கத்தாரும் என் வாய்க்குக் கட்டுப்பட்டார்கள். வேறு சொத்து எதுவும் நான் சேர்க்கவில்லை.

அந்தக் கடைவாய்ப் பல்தான் போன மாசியில் வலிக்க ஆரம்பித்தது. இடப்பக்கம் மேலே இரண்டு பல் எப்போதோ போய்விட்டதால் அந்தப் பக்கத்தை நம்ப முடியாது. இரண்டு நாள் கிராம்பை வைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் மண்டி முதலாளியே பொறுக்காமல், "பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. உனக்குப் பல்லு போனா பொழப்பே பூடும்யா. ஜல்தியா போய்க் காட்டு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டேன்.

எங்கள் தெருவிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரத்தில் ஒரு மாடியில் புதிதாகப் பல் டாக்டர் வந்திருந்தார். முப்பது வயதுகூட இருக்காது, பெண். நான் உள்ளே போனபோது உட்காரும் நாற்காலிகளில் ஒருவரும் இல்லை. கூட்டம் இல்லாத டாக்டர் என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்தேன். சுவரில் மாட்டியிருந்த சான்றிதழை முழுக்கப் படித்தேன். கீழே இருந்த மருந்துக்கடைக்காரர் இவருக்குச் சொந்தமா என்று விசாரித்தேன். இல்லை என்றார்கள். அப்படியானால் எதற்காக அந்தக் கடைக்கு மேலேயே வந்து கிளினிக் வைக்க வேண்டும் என்று அதுவும் சந்தேகமாக இருந்தது.

ரூட் கேனல் செய்தால் பல்லைக் காப்பாற்றிவிடலாம், மூன்று முறை வர வேண்டும் என்றார். "ஒரே தடவையில முடியாதா?" என்றேன். முடியாது என்று சொல்லிவிட்டு, பல்லுக்குள் என்ன இருக்கிறது, எதைச் சுத்தம் செய்யப் போகிறார் என்றெல்லாம் ஒரு பொம்மைப் பல்லை வைத்துக் காட்டினார். இவ்வளவு பொறுமையாக விளக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு உள்ளுக்குள் மணி அடிக்கும். நல்ல காய் கொண்டுவருகிற விவசாயி பேசவே மாட்டார், மூட்டையைக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

இருந்தாலும் வேறு வழியில்லை. மூன்று முறையும் போனேன். மயிரிழை மாதிரி மெல்லிய கம்பிகளைப் பல்லுக்குள் விட்டு விட்டு எடுத்தார். ஒவ்வொன்றும் முழுசாக வெளியே வருகிறதா என்று வாயைத் திறந்தபடியே கண்ணை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி நாள் ஒரு எக்ஸ்ரே எடுத்து, கம்ப்யூட்டரில் காட்டி, நன்றாக வந்திருக்கிறது என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று அதை என் போனில் படம் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப மேல வச்சிருக்கிறது தற்காலிக அடைப்புதான் சார். ஒரு வாரத்துல வந்துடுங்க, கெட்டியா அடைச்சி கேப் போட்டுடலாம். அது வரைக்கும் அந்தப் பக்கம் வச்சி சாப்பிடாதீங்க" என்றார்.

சாப்பாட்டு விஷயத்தில் சொன்னது சொன்னபடி இருந்தேன். வீட்டில் கேப்பைக் கூழும் குழைந்த சோறும்தான். முறுக்கைக் கண்ணால் பார்த்ததோடு சரி. என் மனைவிக்கே ஆச்சரியம். ஆனால் ஒரு வாரத்தில் நான் கிளினிக்குக்குப் போகவில்லை. பங்குனி பிறந்துவிட்டது, மண்டியில் மூட்டை மேல் மூட்டையாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. அது பாதிக் காரணம். வலி போன பல்லுக்கு எதற்கு மூடி, இன்னும் நாலு தடவை நடக்க வைக்கிற வேலையா இது என்ற நினைப்பு மீதிப் பாதி. அந்த டாக்டர் இரண்டு முறை போன் செய்தார். நான் எடுக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அதனால்தான் இவ்வளவு அக்கறை என்று முடிவு கட்டினேன்.

ஐந்தாவது வாரம் ஈறு வீங்கியது. நாக்கால் தடவினால் மொச்சைக்கொட்டை அளவுக்குத் தட்டுப்பட்டது. அடியில் ஏதோ விண்விண்ணென்று துடித்தது. வாயில் ஒரு கெட்ட கசப்பு. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பல்லின் வேருக்குள் மூன்று வெள்ளைக் கோடுகள். நேராக, கூர்மையாக, பளிச்சென்று, அப்படியே ஊசி.

முதலாளியிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஊசிதான்யா இது. உடைஞ்சதை உள்ளயே வுட்டுட்டு மேல பூசி அனுப்பிட்டாங்க" என்றார். உண்மையைச் சொன்னால், அந்த வலியிலும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. நான் நினைத்தது சரியாகப் போயிற்றே என்ற சந்தோஷம். அடுத்த நாலு நாள் மண்டிக்கு வந்தவர்களில் அந்தப் படத்தைப் பார்க்காதவர் இல்லை. மயிலம், வல்லம், செஞ்சி என்று எந்தப் பக்கத்து ஆள் வந்தாலும் கன்னத்தைக் காட்டி, படத்தைக் காட்டி, "மேல பாத்தா பளபளன்னு இருக்கும், மூட்டை அடியில பாரு லட்சணத்தை" என்பேன். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள்.

விழுப்புரத்தில் நல்ல அனுபவசாலி ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு மனைவியோடு பஸ் ஏறினேன். பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டியது. பிறகு, "அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்திருக்கலாம்ல?" என்றாள்.

"தப்பு பண்ணவங்ககிட்டயே போயி கேப்பாங்களா? ஊசிய எடுத்துட்டு ஒண்ணுமே இல்லன்னுவாங்க."

"சாமியே நேர்ல வந்து நின்னாலும் நீங்க மூட்டையக் கொட்டி அடியக் காட்டச் சொல்ற ஆளு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விழுப்புரம் டாக்டர் வயதானவர். யாரிடம் வைத்தியம் செய்துகொண்டேன் என்று அவரிடம் சொல்லவில்லை. ஊரையும் சொல்லவில்லை. தெரிந்தவராக இருந்து தொலைத்தால்? அவர் தனியாக ஒரு எக்ஸ்ரே எடுத்தார். அதிலும் அந்த மூன்று கோடுகள். நான் ஜெயித்தவன் மாதிரி என் போனையும் நீட்டினேன்.

"பாருங்க சார், ஊசி."

அவர் இரண்டையும் பார்த்தார். "இது ஊசி இல்லீங்க. வேருக்குள்ள க்ளீன் பண்ணிட்டு, ரப்பர் மாதிரி ஒண்ணு வச்சி அடைப்பாங்க. எக்ஸ்ரேல வெள்ளையாத்தான் தெரியும். தெரியலன்னாதான் நான் பயப்படுவேன். யார் பண்ணாங்களோ, நுனி வரைக்கும் அழகா அடைச்சிருக்காங்க" என்றார்.

ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரை விட்டுக்கொடுப்பாரா என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, "ஆனா மேல வச்ச அடைப்பு எங்கங்க?" என்று கேட்டு, சின்ன இடுக்கியை வாய்க்குள் விட்டார். எதையோ பிடித்து இழுத்து வெள்ளைப் பஞ்சில் வைத்தார். நகக்கண் அளவுக்குச் சிவப்பாக ஒரு தோல். அது என்ன என்று அவர் விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். எனக்கு விளக்கு தேவைப்படவில்லை. மல்லாட்டைப் பருப்பின் தோல்.

"அந்தப் பக்கம் எதனா கடிச்சி சாப்பிட்டீங்களா?"

"சத்தியமா இல்ல சார். ஒரு மாசமா கூழுதான்."

நான் பொய் சொல்லவில்லை. அந்த நிமிஷம் வரை எனக்கு அது தோன்றவே இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவிதான் சொன்னாள்: "சாப்பிடல சார். கடிச்சித் துப்புவாரு. மல்லாட்டை மண்டியில அதான் இவரு வேலை."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு நாளைக்கு எத்தனை கடிப்பீங்க?"

மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். மூட்டைக்கு ஒரு பருப்பு, சந்தேகம் வந்தால் இரண்டு மூன்று. எனக்கு எல்லா மூட்டையிலும் சந்தேகம் வரும். அதுவும் பங்குனியில். "கணக்கே இல்ல சார்" என்றேன். ரூட் கேனல் முடிந்த மறுநாள் காலையே வேலைக்குப் போயிருந்தேன். கை பாட்டுக்கு அள்ளியது, வாய் பாட்டுக்குக் கடித்தது. அந்தக் கடியில் பல்லும் ஒரு ஆள் என்பதையே மறந்திருந்தேன்.

அடைப்பு உடைந்து விழுந்து, அந்த வழியாக எச்சிலும் கிருமியும் இறங்கிச் சீழ் கட்டியிருக்கிறது என்று அவர் விளக்கினார். பல் நிற்கும், திரும்பவும் உள்ளே சுத்தம் செய்ய வேண்டும் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "முதல்ல பண்ணவங்ககிட்டயே போங்க. உங்க பல்லோட கதை முழுக்க அவங்களுக்குத்தான் தெரியும்" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி என்னைக் கிண்டல் செய்வாள் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் அதே மாடிப்படியில் ஏறினேன். நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன. ஆனால் இந்த முறை அந்தக் காலி நாற்காலிகளைப் பார்க்க எனக்குக் கூசியது. டாக்டர் என்னைப் பார்த்து, "போன் பண்ணேன் சார், நீங்க எடுக்கல" என்றார். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். படத்தை ஊருக்குக் காட்டியதையும் சொன்னேன்.

"கேள்விப்பட்டேன்" என்றார். கையுறையை மாட்டிக்கொண்டே, "உங்க மண்டிக்கு வர்றவங்க சில பேரு முன்னாடி எங்கிட்ட பல்லு காட்டிட்டுப் போயிருந்தாங்க. அப்புறம் வரலை" என்றார். பிறகு, "வாயைத் திறங்க சார்." அவ்வளவுதான்.

மூன்று வாரம் ஆனது. மறுபடியும் கம்பி, மறுபடியும் மருந்து, மறுபடியும் அடைப்பு. வீக்கம் வடிந்தது. அது வரை மண்டிக்கு லீவு போட்டுவிட்டேன். கேப் போட்ட பிறகு பல் கல் மாதிரி நின்றது. மறுநாள் காலையில் மண்டிக்குப் போனபோது, யாரிடமெல்லாம் படத்தைக் காட்டினேனோ அவர்களிடமெல்லாம் என் தப்பைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

வல்லம் பக்கத்து விவசாயி ஒருவர் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் கடித்துச் சொன்னால் போதும், மறு கேள்வி கேட்க மாட்டார். என்னைப் பார்த்ததும் அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, நீ நல்லா இருக்கணும்" என்றார். "எனக்கும் கடவாயில அதே வலிதான். அந்த டாக்டரம்மா பல்ல காப்பாத்திடலாம்னு சொல்லிக்கினு இருந்துச்சு. நல்ல நேரத்துல நீ படத்தைக் காட்டின. எதுக்கு இந்தப் பேஜாருன்னு வேற இடத்துல போயி புடுங்கிப் போட்டுட்டேன்."

விரலால் கன்னத்தை இழுத்து வாயைத் திறந்து காட்டினார். கீழ்க் கடைவாயில் இன்னும் ஆறாத சிவப்பு. அந்தப் பக்கம் வேறு பல்லே இல்லை.

ஒன்றும் சொல்லாமல் தலையாட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனாலும் சொன்னேன். ஊசி இல்லை, ரப்பர், நான் கடித்த கடியில் அடைப்பு விழுந்தது, தப்பு முழுக்க என்னுடையது. அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"அப்ப ஊசியே இல்லியா?"

"இல்லண்ணா."

"யாரையும் கேக்காமயா அத்தினி பேருகிட்ட சொன்ன?"

"படத்துல பாக்க அப்பிடித்தாண்ணா இருந்துச்சு."

அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். வேறு என்ன செய்வது என்று தெரியாமல், வழக்கம்போலச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவருடைய முதல் மூட்டையை அவிழ்த்தேன். முழங்கை வரை கையை விட்டு அடியில் ஒரு பிடி பிடித்தேன். அவர் என் தோளைத் தொட்டார்.

"இரு தம்பி. வேற யாருனா வந்து பாக்கட்டும்."

பிடித்த காயை அப்படியே அடியில் விட்டுவிட்டு, வெறும் கையை வெளியே எடுத்தேன்.