அத்தையின் ஜப்பான் பத்திரிகைகள்

அத்தையை உளவு பார்க்கும் வேலை எனக்குக் கிடைத்தபோது எனக்குப் பத்து வயது. அவள் அப்பாவின் ஒரே தங்கை. பகலில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு, பர்மாவில், தாமுவே பேட்டையில் எங்களோடுதான் இருந்தாள். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த அப்பா அவளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார். வந்த மூன்று வரனையும் அவள் தலைவலி என்று சொல்லியே தட்டிக் கழித்துவிட்டாள். மூன்று முறையும் அதே தலைவலி என்பதுதான் அப்பாவுக்கு உறுத்தியது.

உறுத்துவதற்கு இன்னொரு காரணம் அவள் கட்டிலுக்கு அடியில் இருந்தது. பக்கத்துப் பேட்டையான தின்கன்ஜூனில், ஜப்பானிலிருந்து கப்பலில் வரும் பழைய சாமான்களை விற்கும் கடை ஒன்று உண்டு. தட்டும் பொம்மையும் உடையாமல் இருக்கப் பெட்டிக்குள் பழைய பத்திரிகைகளைத் திணித்து அனுப்புவார்கள். அவற்றில் பெண்பிள்ளைகளுக்கான ஒரு படக்கதைப் பத்திரிகையை மட்டும் அத்தை பொறுக்கி எடுத்து வருவாள். ஒவ்வொன்றும் செங்கல் கனம். ரோஸும் பச்சையுமாக மட்டமான தாள். பாதி முகத்தைக் கண்ணே அடைத்துக்கொண்ட பெண்கள் பக்கத்துக்குப் பக்கம் நிற்பார்கள். கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வர வேண்டும் என்று அத்தை சொன்னாள். பின்னாலிருந்து படிக்கிற புத்தகம் யோக்கியமானதாக இருக்காது என்று நான் முடிவு செய்துகொண்டேன். பெரிய எழுத்துகளை ஒட்டி எறும்பு வரிசை போலச் சின்ன எழுத்துகள் வேறு. பெரிய எழுத்தை எப்படி உச்சரிப்பது என்று காட்டத்தான் அவை என்றாள் அத்தை. நான் நம்பவில்லை.

“அவ கூடவே இரு. என்ன செய்யிறா, யார் கூட பேசுறா, எல்லாம் எங்கிட்ட வந்து சொல்லு,” என்றார் அப்பா.

பெருமையாக இருந்தது. சனிக்கிழமை கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நெற்றியில் விபூதி இல்லாமல் திரும்பி வந்ததைச் சொன்னேன். போனைப் பார்த்துத் தனக்குள் முணுமுணுத்ததைச் சொன்னேன். சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கிற வேலையா இது என்று அம்மா கேட்டாள். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு நீல அட்டை போட்ட நோட்டைக் கண்டுபிடித்தேன். கதவைச் சாத்திக்கொண்டு அத்தை அதில்தான் எழுதுவாள். அட்டையில், பத்திரிகையிலிருந்து வெட்டிய ஒரு சிவப்பு இதயம் ஒட்டியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அவள் குளிக்கப் போன நேரம் தலையணைக்கு அடியிலிருந்து அதை உருவி அப்பாவிடம் கொடுத்தேன். உள்ளே முழுக்க ஜப்பான் எழுத்து. அப்பா அந்த இதயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, அத்தை வேலைக்குப் போனபின், கீழ்வீட்டுப் பர்மியக்காரி மா கின்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மா கின் சில வருஷம் ஜப்பானில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவள். முதல் பக்கத்தைப் பார்த்ததுமே சிரித்துவிட்டாள். காதல் கடிதம் இல்லை, மேடையில் பேசுவதற்கு எழுதியது என்றாள். கோயில் என்று சொல்லிவிட்டு அத்தை போய்வந்த ஜப்பான் மொழி வகுப்பில் அடுத்த ஞாயிறு பேச்சுப் போட்டி. அத்தை எடுத்துக்கொண்ட விஷயம், அந்தப் பத்திரிகையின் சரித்திரம்.

மா கின் படித்துப் படித்துப் பர்மிய மொழியில் சொன்னாள். ஆரம்பத்தில் பெண்பிள்ளைகளுக்கான கதைகளையும் ஆண்கள்தான் வரைந்தார்களாம். கதையில் வருகிற பெண் அழுதுகொண்டிருப்பாள், யாராவது வந்து காப்பாற்றுவார்கள். அவற்றைப் படித்துவந்த பெண்பிள்ளைகள் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள், தாங்கள் வரைந்த படங்களை அனுப்பினார்கள். அவர்களில் சிலர் வளர்ந்து அதே பத்திரிகைக்கு வரைய வந்தார்கள். அதன்பின் கதைப் பெண்கள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அப்புறம் எல்லாரும் போனில் படிக்கத் தொடங்க, பத்திரிகை இளைத்து நின்றுபோனது. கடைசி வரியில் அத்தை தன்னைப் பற்றி எழுதியிருந்தாள். இந்தப் பத்திரிகையை வைத்தே மொழியைப் படித்தேன், அடுத்த வருஷம் அங்கே முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போகிறேன் என்று.

ரொம்ப நன்றாக எழுதியிருக்கிறாள் என்று சொல்லிவிட்டு மா கின் இறங்கிப் போனாள். அப்பா நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

“காதல் கடிதம் இல்லையேப்பா. திருப்பிக் குடுத்துரலாமா?” என்று கேட்டேன்.

“வாய மூடிக்கிட்டு இரு.”

அந்த வாரம் முழுக்க அத்தை தேடினாள். மெத்தையைப் புரட்டினாள், பத்திரிகைகளை ஒவ்வொன்றாக உதறினாள். என்னிடமும் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். சிறிது நேரம் என்னையே பார்த்தாள். அதற்குப்பின் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கன்னத்தில் தனகா மரப்பட்டையை அரைத்துப் பூசிக்கொண்டு வெறுங்கையோடு கிளம்பினாள். அம்மா என்ன நினைத்தாளோ, என்னையும் இழுத்துக்கொண்டு அவளோடு பஸ் ஏறினாள். மேடையில் அத்தை நன்றாகத்தான் தொடங்கினாள். பாதியில் நின்றுவிட்டாள். கூடம் முழுக்க அவளையே பார்த்தது. பிறகு ஏதோ பேசி முடித்தாள். பரிசு கிடைக்கவில்லை.

“நடுவுல ஏன் நின்னே?” என்று திரும்பி வரும்போது அம்மா கேட்டாள்.

“பொண்ணுங்களே பத்திரிகைக்கு வரைய வந்தாங்கன்னு சொல்ற இடம் அண்ணி. எழுதி வச்சது மறந்துபோச்சு. அப்புறம் தோணினதைச் சொன்னேன்.”

மறு வருஷம் அத்தை ஜப்பானுக்குப் போய்விட்டாள். விமான நிலையத்துக்கு அம்மாவும் நானும் போனோம். அப்பா அன்றைக்கும் ஆபீசுக்குப் போனார். சில வருஷம் கழித்து, நோட்டை எடுத்தது நான்தான் என்று போனில் அத்தையிடம் சொன்னேன். தெரியும் என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

மா கின் படித்து முடித்த அந்தக் காலையில் நான் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தேகம் பொய் என்று ஆகிவிட்டதே, இனி சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். முகம் இன்னும் இருண்டது. ஒரு பையனின் பெயர் இருந்திருந்தால் யாரைப் பார்க்க வேண்டும், என்ன பேச வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த நோட்டில் ஒரு பையன் இருந்துவிட வேண்டுமே என்றுதான் அவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார் என்பது பத்து வயதில் எனக்கு விளங்கவில்லை.