முழு உருண்டையை நம்பாத அக்கா

சேலையூருக்கு மேலே பயிற்சி விமானம் உறுமிக்கொண்டு வட்டமடிக்கும்போதெல்லாம் அக்காதான் நினைவுக்கு வருகிறாள். காயப்போட்ட துணியை அப்படியே விட்டுவிட்டு அண்ணாந்து முறைப்பாள். "மேல இருந்து பாக்குறவனுக்கு என்னடா தெரியும்? மொட்டைமாடிதான் தெரியும்."

அந்தச் சந்தேகம் சும்மா வந்ததில்லை. அத்தான் இருந்தபோது கூடுவாஞ்சேரிக்கு உள்ளே ஒரு மனை வாங்கினார்கள். விற்றவன் காட்டியது வானத்திலிருந்து எடுத்த பளபளப்பான படம், பச்சைப் பசேலென்று சதுரங்கள். சித்திரை வெயிலில் போய்ப் பார்த்து, தேங்காய் உடைத்து, மூலைக்கு மூலை கல் நட்டார்கள். ஐப்பசியில் போனால் கல்லைக் காணோம். ஏரி தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது. நடுவில் ஓர் எருமை சுகமாகக் கிடந்தது. "அதுக்காவது பிரயோஜனப்பட்டுச்சே" என்றாள் அக்கா.

அத்தான் போன பிறகு, வீட்டை விற்றுவிட்டு வந்துவிடு என்று வெளிநாட்டிலிருந்து மகன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஒருநாள் வீடியோ அழைப்பில் விண்வெளியிலிருந்து எடுத்த பூமியைக் காட்டினான். கறுப்பில் மிதக்கும் முழு நீலம். வேலி இல்லை, எல்லைக்கல் இல்லை, எவன் பெயரும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த நான் கரைந்தே போனேன்.

"பாரும்மா, எல்லாம் ஒண்ணுதான். இதுல எது தூரம்?"

அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "நம்ம வீடு எங்கடா?"

"அவ்ளோ தூரத்துலேருந்து தெரியாதும்மா."

"அப்ப வித்துட்டாலும் தெரியாது."

அவன் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அந்தப் படத்தைக் கண்டால் எனக்குள்ளும் ஏதோ அரிக்கிறது. முழுசையும் இவ்வளவு அழகாகக் காட்டுகிறவன் எந்த மூலையை மறைக்கிறான்? அந்த நீலத்தில் எது கடல், எது யாருடைய வாசலில் நிற்கும் வெள்ளம்? அக்கா மகன் நல்லவன்தான். நல்லவன்தான் என்று எனக்கே இரண்டு முறை சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகு அவள் போகத்தான் வேண்டியிருந்தது. வீட்டை விற்க மட்டும் மசியவில்லை. அவளுக்குப் பதில் விற்க மகன் பெயரில் பவர் பத்திரம் எழுதிக் கொடுக்கவும் இல்லை. மீனம்பாக்கம் விமான நிலைய வாசலில், சக்கர நாற்காலியில் இருந்தபடி சாவியை என் உள்ளங்கையில் அழுத்தினாள்.

"மழை பெஞ்சா போட்டோ கீட்டோ அனுப்பாதே. உள்ள போய்ப் பாத்துட்டு வாயால சொல்லு."

தலையாட்டினேன். நாற்காலி நகர்ந்தது. கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னொரு சாவி என்கிட்ட இருக்குடா. ஞாபகம் இருக்கட்டும்."