நாலு தட்டு நாய் பிஸ்கட்

முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்பவர்களை வாடிக்கையாளர் திட்டுவார். நாய்க்குப் பிஸ்கட் சுட்டு விற்கும் என்னை வாடிக்கையாளர் கடிப்பார். வீட்டுப் பலகாரம் விற்றுப் பிழைக்கும் சக தியாகிகளே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும், என் கஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்கள். கஷ்டம் என்று சொல்கிறேனே தவிர, இந்த வாரம் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். எங்கள் வீட்டு நாய் மணி சொறிந்து சொறிந்து பாதி முடியை உதிர்த்தபோது, மாட்டாஸ்பத்திரி டாக்டர், "மொதல்ல பன்னும் வர்க்கியும் போடுறத நிறுத்துங்க" என்றார். நிறுத்தினேன். அதற்குப் பதிலாக கம்பு மாவு, முட்டை, பூசணிக்காய், வேகவைத்து மசித்த ஆட்டு ஈரல் எல்லாம் சேர்த்துப் பிசைந்து பிஸ்கட் சுட்டேன். சர்க்கரை, உப்பு கிடையாது. வெங்காயத்தைப் பக்கத்திலேயே விடுவதில்லை. மணிக்கு முடி முளைத்தது. பக்கத்து வீட்டு நாய்க்குக் கேட்டார்கள், அடுத்த தெருப் பூனைக்குக் கேட்டார்கள். நான் வேலையை விட்டுவிட்டேன். யாரிடமும் யோசனை கேட்கவில்லை, கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

ரொட்டி இறங்கிய அடுப்பு

வீட்டில் இருந்த சின்ன கரண்ட் அடுப்பு சரிப்பட்டு வரவில்லை. பிஸ்கட் மேலே கருகும், உள்ளே ஈரம் நிற்கும், நாலாம் நாள் பூஞ்சை பிடிக்கும். பேக்கரியில் விறகு போட்டு எரிக்கிற செங்கல் அடுப்பு இருக்கிறதே, காலையில் ரொட்டியை இறக்கிய பிறகு அதில் மெல்லத் தணியும் சூடுதான் என் பிஸ்கட்டுக்குச் சரியான பக்குவம். தெருமுனைப் பேக்கரிக்காரரிடம் போய் நின்றேன். "அடுப்பு சும்மாத்தான் கெடக்கு, போட்டுக்கோ யம்மா" என்றார். "ஆனா தெனம் நாலு தட்டு நெறையணும். ஐப்பசி பொறக்குற வரைக்கும் பாப்பேன். நெறையலைன்னா ரஸ்க் போடுதவருக்குக் குடுத்துருவேன், அவரு கேட்டுக்கிட்டே இருக்காரு." அப்போது ஆவணி முடிகிற நேரம். என்னால் நிரப்ப முடிந்தது இரண்டு தட்டு. அடுப்பு போனால் மறுபடி தீப்பெட்டி ஆபீஸ் வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

முதல் நாளே ஈரல் மணம் தெருவரைக்கும் போய்விட்டது. பன் வாங்க வந்த ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "மட்டன் பப்ஸா அண்ணாச்சி? சூடா ரெண்டு குடுங்க" என்றார். நான்தான் முன்னால் வந்து உண்மையைச் சொன்னேன். போச்சு, இன்றோடு அடுப்பு போச்சு என்று நினைத்தேன். அந்த மனிதர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், கையிலிருந்த பன்னைப் பார்த்தார்.

"நாய்க்கு இவ்வளவு மணமாச் செஞ்சு போட்டுட்டு, எங்களுக்கு வெறும் பன்னத் தாரீயளே, இது நியாயமா அண்ணாச்சி?"

விரதம்

புரட்டாசி பிறந்தது, என் வியாபாரம் படுத்தது. சனிக்கிழமை விரதம் இருக்கிற வீடுகளில் நாய்க்கும் விரதம் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. முதல் சனிக்கிழமை காலையில் ஈரல் பிஸ்கட் பொட்டலத்தோடு ஒரு வீட்டு வாசலில் போய் நின்றேன். அந்த அம்மா கேட்டைத் திறக்கவே இல்லை. "எங்க வீட்டுச் சோத்தத் திங்குத யாரா இருந்தாலும் இன்னைக்குக் கவிச்சி கெடையாது" என்றார். உள்ளே அவருடைய லாப்ரடார் என் பையையே பார்த்து எச்சில் ஊற்றிக்கொண்டு நின்றது. ஓடி வந்து, ஈரலையும் முட்டையையும் எடுத்துவிட்டு, வறுத்த நிலக்கடலையும் பூசணியும் அரைத்துச் சேர்த்து விரத பிஸ்கட் போட்டேன். அதையும் வாலை ஆட்டிக்கொண்டுதான் தின்றது.

அடுத்த சனிக்கிழமை நான் போகும்போது அதே நாய் முருங்கை மரத்தடியில் ஒரு அணிலைக் கவ்விக்கொண்டு படுத்திருந்தது. அந்த அம்மாவும் பார்த்தார். இப்போது என்ன செய்வார் என்று எனக்கு ஆவல் தாங்கவில்லை. என் கையிலிருந்த விரத பிஸ்கட்டை வாங்கிப் பத்திரமாக டப்பாவில் போட்டு மூடினார்.

"அது அவனாத் தேடிக்கிட்டது, அவம் பாடு. நான் குடுத்தாத்தான் பாவம் என்னையச் சேரும்."

மளிகைக்கடைப் பூனை

பூனைக்கு நெத்திலி பிஸ்கட். கருவாட்டை மூன்று தண்ணீர் மாற்றி ஊறவைத்து, உப்பை எடுத்து, காயவைத்து இடித்துப் போட வேண்டும். இதைச் செய்கிற அன்று என் வீட்டுக்காரர் வெளியூர் வேலை வைத்துக்கொள்வார். மெயின் ரோட்டு மளிகைக்கடைக்காரர் குடோன் பூனைக்கென்று வாங்க ஆரம்பித்தார், மூன்றாவது தட்டு பாதி நிறைந்தது. நான் பறந்துகொண்டிருந்தேன். இரண்டாவது வாரம் போன் செய்து நேரில் வரச் சொன்னார். பூனைக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று ஓடினேன்.

பூனை பருப்பு மூட்டை மேல் மல்லாந்து படுத்திருந்தது. பக்கத்து மூட்டையில் எலி ஓட்டை போட்டிருந்தது. கடைக்காரர் இரண்டையும் எனக்குக் காட்டினார்.

"ருசியில ஒரு கொறையும் இல்லம்மா, அதான் கொறையே. கொஞ்சம் ருசியக் கொறச்சுப் போட்டுத் தாங்க, அது எலிய மறந்துறக் கூடாதுல்லா."

கிடைக்குப் போகிற நாய்

ருசியைக் குறைக்க எனக்கு மனசு வரவில்லை. மளிகைக்கடைக்காரர் வாங்குவதை நிறுத்திவிட்டார், மறுபடி இரண்டே தட்டு. ஐப்பசிக்கு ஆறு நாள்தான் இருந்தது. அப்போதுதான் புதூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆட்டுக்காரர் என்னைத் தேடி வந்தார். கரிசலில் விதைப்பு தொடங்கிவிட்டால் ஆட்டுக்கு இடம் இருக்காது, மேற்கே ஓட்டிக்கொண்டு போய் ஊர் ஊராக, வயலுக்கு உரமாகட்டும் என்று ராத்திரி ஆட்டை அடைத்துக் கிடை போடுவார்கள். போகிற இடத்தில் நாய்களுக்குத் தினமும் கம்பங்கூழ் காய்ச்ச முடியாது. பத்து நாளைக்கு ஒரு தடவை பஸ்ஸில் பிஸ்கட் போட்டுவிட முடியுமா என்று கேட்டார். ஏழெட்டுக் கிடை சேர்ந்து போகிறது, எல்லோரிடமும் நாய் இருக்கிறது. ஆனால் அவருடைய கன்னி இனத்து நாய் சிட்டு தின்றால்தான் மற்றவர்கள் வாங்குவார்கள்.

அன்று மத்தியானமே ஸ்கூட்டியில் புதூருக்குப் போனேன். ஆட்டுக்காரர்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். நான் இருப்பதிலேயே நல்ல ஈரல் பிஸ்கட்டாக எடுத்துச் சிட்டுவிடம் நீட்டினேன். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. கீழே வைத்தேன். அதைத் தாண்டிப் போய் உட்கார்ந்தது. ஈரலைப் பற்றி, கம்பைப் பற்றி, மணிக்கு முடி முளைத்ததைப் பற்றி நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தேன். கண்ணீர் வந்துவிடும் போல இருந்தது.

ஆட்டுக்காரர் சிரித்தார். "நீங்க நீட்டி இது தின்னிருந்தா இன்னைக்கே இத வித்துருப்பேன். ஆட்டுக் களவாணி மருந்து வச்ச கறியோடதான வருவான்? நான் கடிச்சுக் காட்டாம இது எதையும் தொடாது." ஒரு பிஸ்கட்டை எடுத்துப் பாதி கடித்தார். சிட்டு அவர் தொண்டையையே பார்த்தது. அவர் மென்று விழுங்கிய பிறகு மிச்சத்தை நீட்டினார். ஒரே வாய். அப்புறம் உள்ளங்கையை நக்கியது, கீழே கிடந்ததையும் அவர் ஓரத்தைக் கடித்துக் காட்டியதும் தின்றது. எனக்குக் கை தட்டத் தோன்றியது, தட்டிவிட்டேன். ஆடுகள் மிரண்டு ஓடின, நாலு பேர் ஓடிப் போய் மடக்க வேண்டியதாயிற்று.

எல்லோரும் வாங்கச் சம்மதித்தார்கள். எண்ணிப் பார்த்தேன், ஏற்கெனவே இருந்த இரண்டோடு சேர்த்துத் தினம் மூன்று தட்டுதான் வந்தது. பேக்கரி அண்ணாச்சி கேட்டது நாலு. அந்த ஒரு தட்டுக்கு எங்கே போவேன் என்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போது, ஆட்டுக்காரர் நாக்கால் பல்லைத் துழாவியபடி ஏதோ யோசித்தார்.

"நாய்க்கு உப்பு ஆகாதுங்கீங்க, சரி. தெனம் கடிச்சுக் காட்ட வேண்டியவன் நான்லா? எங்களுக்குன்னு ஒரு தட்டு உப்புப் போட்டுச் சுட்டுருங்க யம்மா."

ஐப்பசி முதல் நாள்

நாலு தட்டும் அடுப்பிலிருந்து வரிசையாக வெளியே வந்தன. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். ரஸ்க்காரர் கூட வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பேக்கரிக்காரர் நாலாவதான உப்புத் தட்டில் ஒன்றை எடுத்துக் கடித்தார். இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அடுப்பு உனக்குத்தான் யம்மா. ஆனா இந்தத் தட்டு மனுசன் திங்குத தட்டு, இத என் கடையில வச்சு விக்கணும், சொல்லிட்டேன்."

நாய்க்கும் பூனைக்கும் சுட்டுப் பேர் வாங்கலாம் என்று வேலையை விட்டு வந்தவள் நான், இப்போது ஊரே என்னிடம் விரும்பிக் கேட்பது ஆட்டுக்காரர்கள் நாய்க்குக் கடித்துக் காட்டுகிற உப்பு பிஸ்கட்டைத்தான்.