ஆறாவது பிள்ளை

என்னைப் பெற்றவளை நான் ‘மாமி’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னால் என் மருமகள்கள் இன்றும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஐந்து பிள்ளைகள் விடிந்தது முதல் பொழுது சாயும்வரை ‘மாமி, மாமி’ என்று ஒருத்தியின் காலைச் சுற்றிக்கொண்டிருந்தால், கூடவே வளரும் ஆறாவது மட்டும் வேறெப்படிக் கூப்பிடும்?

கொட்டாரத்துக்குப் பக்கத்தில், வயலை ஒட்டிய ஓலை வீடு எங்களுடையது. அப்பாவுக்கு மலையில் எஸ்டேட் வேலை. கிறிஸ்துமஸுக்கு வருவார், வந்த சுவடு தெரியுமுன் போய்விடுவார். கன்னிப்பூ என்கிற முதல் போகத்து நடவு தொடங்கினால், அக்கம்பக்கத்துப் பெண்கள் வயலில் இறங்குமுன் தங்கள் பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுப் போவார்கள். நடவு முடிந்தால் களையெடுப்பு, பிறகு அறுப்பு. வருஷத்தில் பாதிக்கு மேல் வீடு நிறையப் பிள்ளைகள்தான். திருநீறு பூசிய பிள்ளையும் இருக்கும், எங்களைப்போல ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிற பிள்ளையும் இருக்கும். எல்லாருக்கும் ஒரே சட்டிக் கஞ்சி. தான் பெற்ற பிள்ளையென்று ஒரு கரண்டிகூட எனக்கு அதிகம் ஊற்றமாட்டாள். அதில் அவளுக்குப் பெருமை வேறு.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகியிருந்த காலம் அது. எனக்கு நாலு வயது. எங்கோ ஓர் ஊரில், பிள்ளை பார்த்துக்கொள்ளும் வீட்டிலிருந்து தவழ்ந்து போன குழந்தை ஒன்று வாய்க்காலில் விழுந்து இறந்துபோனதாம். அதன்பின் எங்கள் பக்கத்தில் ஒரு விதி வந்தது. சொந்தப் பிள்ளைகள் போக, ஐந்து பிள்ளைகள் வரைக்கும் ஒரு வீட்டில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று கூடினாலும் லைசென்ஸ் எடுக்க வேண்டும். லைசென்ஸ் வேண்டுமானால் சிமெண்டுத் தரையும் ஓட்டுக்கூரையும் வேண்டும். எங்களிடம் இரண்டும் கிடையாது. அந்தக் குழந்தையை நினைத்தால் விதியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அம்மாவிடம் இருந்தது சரியாக ஐந்து. கடைசியாக வந்தவன் கைக்குழந்தை, தலைகூட நிற்காது. அவன் தகப்பன் இறந்துபோயிருந்தான். இங்கே இடமில்லை என்றால், வரப்பில் ஓலைக்குடையை ஊன்றி அதன் கீழேதான் அவனைக் கிடத்த வேண்டும். ஆனி மாசச் சாரலில், நண்டும் பாம்பும் ஓடுகிற வரப்பில். அவனை விட மாட்டேன் என்று அம்மா தீர்மானமாக இருந்தாள்.

சுகாதார அதிகாரி வரப்போகிறார் என்று தெரிந்ததும் அவள் ஓர் இடத்தில் நிற்கவில்லை. தரையை மெழுகினாள். கிணற்றை ஓலைத்தட்டி வைத்து மூடினாள். பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்து நகம் வெட்டினாள். யார் பிள்ளை என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று, பேச்சு வந்த எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தாள். எனக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அதிகாரி சைக்கிளில் வந்தார். மலையாளம் கலந்து பேசினார். நல்ல மனுஷர்தான், கைக்குழந்தை சிணுங்கியபோது அவரே தொட்டிலை ஆட்டிவிட்டார். பிறகு தலைகளை எண்ணினார்.

“ஆறு உண்டல்லோ?”

“அஞ்சுதான் சார். இது நான் பெத்தது” என்று அம்மா என்னை முன்னால் தள்ளினாள்.

அவர் குனிந்து, “மோளே, இது ஆரு?” என்று அம்மாவைக் காட்டிக் கேட்டார்.

“மாமி.”

அம்மா சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் பதறினாள். “ஏட்டி, என்னட்டி சொல்லுக? சார், மத்த பிள்ளைகளப் பாத்து இவளும் அப்பிடியே கூப்பிடுகா.”

“அப்போ நின்றெ அம்ம எங்கே?” என்றார் அவர் என்னிடம்.

எனக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. அம்மா என்பவள் காலையில் விட்டுவிட்டுப் போய், பொழுது சாயும்போது வந்து கூட்டிக்கொண்டு போகிறவள். எல்லாருக்கும் ஒருத்தி வந்தாள்.

“எனக்க அம்ம இன்னும் வரல்ல” என்றேன்.

ஆறு என்றால் ஒரு பிள்ளையை அனுப்பத்தான் வேண்டும் என்று அவர் தணிவாகச் சொன்னார். அம்மா தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, “மத்தியானம் வரைக்கும் இருங்க சார். ஒங்களுக்கே தெரியும்” என்றாள்.

நடவுப் பெண்கள் மதியக் கஞ்சியை வரப்பில் குடிக்காமல் எங்கள் முற்றத்துக்குக் கொண்டுவந்துவிடுவது வழக்கம். அன்றும் வந்தார்கள். வந்ததும் ஆளுக்கொரு பிள்ளையை அள்ளிக்கொண்டார்கள். கைக்குழந்தையை எடுத்தவள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள். நான் மட்டும் மிச்சம். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வழக்கம்போல அம்மாவின் மடியில் ஏறி, விரலை வாயில் போட்டுக்கொண்டேன்.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்துதான், லைசென்ஸ் வேண்டாம் என்றார். கிணற்றுக்கு நல்ல மூடியாகப் போடச் சொல்லிவிட்டுப் போனார். நடந்ததைக் கேட்ட பெண்கள், “ஒனக்க அம்ம எப்பம்ட்டி வருவா?” என்று என்னைப் போட்டுக் கேலி செய்தார்கள். அம்மா அந்தச் சிரிப்பில் சேரவில்லை.

சாயங்காலம் எல்லாரும் வந்து அவரவர் பிள்ளையைக் கூட்டிப்போனார்கள். கைக்குழந்தையும் தாயின் தோளில் தூங்கியபடி போனான். அம்மா கொல்லைப்பக்கம் இறங்கிப் போனாள். கூப்பிட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கொஞ்சநேரத்தில் தெருப்பக்கத்துப் படலைத் திறந்துகொண்டு அவள் வந்தாள். சேலையை நடவுக்காரிகளைப்போல் தூக்கிச் சொருகியிருந்தாள். முழங்கால்வரை சேறு. வேண்டுமென்றே வயலில் இறங்கிவிட்டு வந்திருக்கிறாள்.

“மக்கா, அம்ம வந்துட்டேன். வா, வீட்டுக்குப் போவோம்” என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். அவள் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் கொஞ்சதூரம் நடந்தாள். பிறகு வயலோரமாகச் சுற்றி வந்து, கொல்லைப்பக்கமாக அதே வீட்டுக்குள் போனாள்.

அந்த நடவு முடியும்வரை தினமும் வந்து என்னைக் கூட்டிப்போனாள்.