நம்பர் மேல் வைத்த பொட்டு

பெரியப்பா வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தது. எங்கள் வீட்டில் இல்லை. எட்டாவது படித்தபோது என் வாழ்க்கையின் பெருங்குறை இதுதான்.

தாத்தா போன பிறகு பாகம் பிரித்ததில் வாய்க்காலோர நிலம் அப்பாவுக்கும், மேட்டு நிலமும் இரட்டைக் குழல் துப்பாக்கியும் பெரியப்பாவுக்கும் வந்தன. அது சுட்டு நான் பார்த்ததில்லை. தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்பும். ஆயுத பூஜையன்று பொட்டு வைத்துக்கொள்ளும். அந்தப் பொட்டை வைப்பது எப்போதும் பெரியப்பா மகள்தான். என்னைவிட ஒரே வயது மூத்தவள். நான் வருஷா வருஷம் தண்ணீர் மோட்டாருக்குப் பொட்டு வைத்தேன்.

அந்த வருஷம் அக்கா, விசைக்குக் கீழே இரும்பில் வெட்டியிருந்த நம்பரைப் படித்து போனில் தேடினாள். நான்கு இலக்கம். அதைச் செய்த பிரெஞ்சுக் கம்பெனியின் பட்டியலில் எந்த நம்பர் எந்த வருஷத்தது என்று இருந்தது. நம்பர் சின்னதென்றால் துப்பாக்கி பழசு.

"தாத்தாவோட தாத்தா காலத்துதுடி. லட்சக்கணக்குல போவுமாம். எங்க துப்பாக்கி!" என்றாள்.

தாத்தா மட்டும் பொது, துப்பாக்கி மட்டும் அவர்களுடையதா? எனக்கு வயிறு எரிந்தது. அப்பாவும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். மறுநாளிலிருந்து சாயங்கால டீக்கு அண்ணன் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார். இரண்டு நிலத்துக்கும் ஒரே போர்வெல். "மோட்டார் நிறுத்தியாச்சான்னு உங்க பெரியப்பாவ கேட்டுனு வா" என்று என்னை அனுப்புவார்.

அப்படிப் போன ஒருநாள், கூடத்தில் யாருமில்லை. சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியைத் தொட்டுப் பார்க்கும் ஆசையில் கிட்டே போனேன். அக்கா வருஷக்கணக்காக ஒரே இடத்தில் வைத்த சந்தனம் நம்பர் ஓரத்தில் கல்லாக இறுகியிருந்தது. ஹேர்பின்னால் சுரண்டினேன். உள்ளேயிருந்து ஐந்தாவதாக ஓர் இலக்கம் வந்தது.

பட்டியலில் திரும்பத் தேடினேன். துப்பாக்கி ரொம்பப் பிந்தியது. அந்த ரகத்தை ஆயிரக்கணக்கில் செய்து தள்ளியிருந்தார்கள், பெரிய விலை எதுவும் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்ப் பெரியப்பாவிடமும் அக்காவிடமும் சொன்னேன். அக்கா அழுதே விட்டாள். பெரியப்பா முகமும் சுருங்கும் என்று ஆசையாகப் பார்த்திருந்தேன்.

"இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். சொன்னேன். அந்த மனுஷன் சிரித்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக எங்கள் வீட்டு வாசலுக்குப் போனார்.

"தம்பி, அது ஒண்ணுத்துக்கும் ஆவாதாம்டா. வா, டீ ஆறுது."

அப்பா சட்டைகூடப் போடாமல் கூடப் போனார்.

அடுத்த ஆயுத பூஜையில் பெரியப்பா குங்குமத் தட்டை என்னிடம் கொடுத்தார். அக்கா வைக்கும் அதே இடத்துக்கு விரலைக் கொண்டுபோனேன்.

"நம்பர் மேல மட்டும் வைக்காத கண்ணு. அஞ்சு நம்பரும் நல்லா தெரியட்டும்" என்றார்.

அக்கா இத்தனை வருஷம் வைத்த இடத்தில் எனக்கு மட்டும் இடமில்லையாம். சொந்த மகள் என்றால் சொந்த மகள்தானே. அன்றைக்குப் பொரிகூடத் தின்னாமல் பொருமிக்கொண்டிருந்தேன்.