சுடலைவடிவின் சிற்றாடை

கண்ணில் பூ விழுந்ததும் கெசியா வேலையை விட்டாள். பாளையங்கோட்டையில் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் எழுத்தும் கணக்கும் தையலும் சொல்லிக்கொடுத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சேரன்மகாதேவியில் கால்வாய்க் கரையை அடுத்து ஒரு சின்ன ஓட்டுவீட்டில் குடியேறினாள். ஐம்பது வயதில், பள்ளி மணி கேட்காத காலைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. கொல்லையைக் கொத்த ஆரம்பித்தாள்.

அது 1918ஆம் வருஷச் சித்திரை. கால்வாயில் தண்ணீரை அடைத்திருந்தார்கள். கிணற்றில் இறைத்துக் குடம் குடமாகச் சுமந்து பூசணிக்கும் புடலைக்கும் வெள்ளரிக்கும் ஊற்றினாள். கோடையில் எதற்கு இந்தப் பாடு என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். வெயிலில் சுருண்ட இலையைக் கண்டால் குடத்தைத் தூக்கிவிடுவாள். சும்மா உட்கார முடியாது.

ஒருநாள் உச்சிவேளையில் வெள்ளரிப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றாள். இடுப்பில் குழந்தை. யாரென்று கேட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் உடைமரம்தான் நின்றது. பார்வை மங்கியவளுக்கு மரம் மனுஷியாகத் தெரிவதில் அதிசயம் என்ன என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மறுநாளும் அந்தப் பெண் வந்தாள். மூன்றாம் நாள் கெசியா வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தாள். பிடரியில் பார்வை படுவது தெரிந்தது. பேயும் பிசாசும் அஞ்ஞானம் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள், அன்று முழங்கால் போட்டு ஜெபம் பண்ண உட்கார்ந்தாள். வார்த்தை வரவில்லை. வேலியில் நிற்பது யாரென்று அவளுக்குத் தெரியும்.

தாது வருஷப் பஞ்சத்தில் அவளுக்கு ஒன்பது வயது. அப்போது அவள் பெயர் சுடலைவடிவு. நாங்குநேரிக்குத் தெற்கே வடலிவிளை என்ற காட்டு ஊர். அப்பா செத்தபின் அம்மா மாடத்தி அவளையும் கைக்குழந்தைத் தம்பியையும் கூட்டிக்கொண்டு ஆற்றைத் தேடி வடக்கே நடந்தாள். கற்றாழைக் கிழங்கைத் தின்றுகொண்டு நடந்தார்கள். ஓரிடத்தில் மிஷன்காரர்கள் கஞ்சிக் கொட்டகை போட்டிருந்தார்கள். பெரியவர்களுக்கு ஒருவேளைக் கஞ்சி. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை மட்டும் உள்ளேயே வைத்து வளர்க்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். மாடத்தி மகளை வாசலில் விட்டாள்.

"கேட்டா, அம்மை இல்லன்னு சொல்லு. மழ பெஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன்."

மழை பெய்தது. சொன்னபடியே மாடத்தி வந்தாள். எலும்பும் தோலுமாக, தம்பியை இடுக்கிக்கொண்டு வேலியருகே நின்று, "ஏட்டி வடிவு" என்று கூப்பிட்டாள். உள்ளே சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் சிறுமியைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, இவள் உன் தாயா என்று கேட்டாள்.

"எனக்கு அம்மை இல்ல" என்றாள் சுடலைவடிவு.

மாடத்தி அழவில்லை. சண்டை போடவில்லை. கொஞ்ச நேரம் மகளைப் பார்த்தாள். பிறகு பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வந்த வழியே நடந்தாள்.

நாற்பது வருஷமாக யாரிடமும் சொல்லாத சங்கதி. வைகாசி பிறந்ததும் கெசியா வண்டிக்காரன் ஐயம்பெருமாளின் மாட்டுவண்டியைப் பேசினாள். ஒரு பூசணியையும் நாலைந்து வெள்ளரியையும் சாக்கில் கட்டிக்கொண்டு தெற்கே புறப்பட்டாள்.

மாடத்தி செத்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது என்று வடலிவிளை முகப்பிலேயே சொல்லிவிட்டார்கள். மகன் பரமசிவன் வீட்டைக் காட்டினார்கள். அவன் பனங்காட்டுக்குப் போயிருந்தான். பெண்டாட்டி இசக்கியம்மா யார் எவர் என்று கேட்கும் முன்பே பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தாள். உள்ளே ஓலைப்பெட்டி ஒன்று உத்தரத்திலிருந்து தொங்கியது. அதன்மேல் அரளிப்பூ. கெசியா என்னவென்று விசாரித்தாள்.

"எங்க வீட்டுக் கன்னியம்மா, சின்ன வயசுலயே போயி சாமியானவ. வீட்டுக்காரவுகளுக்கு மூத்தவ. பஞ்சத்துல கஞ்சிக் கொட்டகையில செத்துப்போனா."

பெயரைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. சுடலைவடிவு என்று இசக்கியம்மாவே சொன்னாள். பெட்டியை இறக்கித் திறந்தும் காட்டினாள். உள்ளே குங்குமமும் கண்ணாடி வளையலும் மடித்த சிற்றாடை ஒன்றும் இருந்தன. தை மாதந்தோறும் மாமியார் புதுச் சிற்றாடை எடுத்து வைத்துக் கும்பிடுவாளாம், எப்போதும் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஆகிற அளவில். இப்போது மகன் எடுக்கிறானாம். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றாலும் பிரசவம் என்றாலும் இந்தப் பெட்டியின் முன்தான் விழுவார்களாம். கெசியா சிற்றாடையைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டாள்.

பரமசிவன் வந்தான். நரைத்த மனிதன், அப்பாவின் நெற்றி அப்படியே இருந்தது. கெசியா தன்னைப் பள்ளிக்கூடத்து டீச்சரென்று சொன்னாள். அந்தக் கொட்டகையில் தானும் வளர்ந்ததாகவும் அந்தப் பிள்ளையைத் தெரியும் என்றும் சொன்னாள். அவன் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கேட்டான்.

"கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாளா?"

"இல்ல. வயிறாரச் சாப்பிட்டா. பசியோட போகல."

இசக்கியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வண்டிவரைக்கும் பரமசிவன் கூட வந்தான். ஐயம்பெருமாள் மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தான். பனைமரத்து மறைவில் கெசியா நின்று, தான்தான் சுடலைவடிவு என்று சொன்னாள். வேலியருகே அம்மா வந்து நின்றதையும் தான் சொன்ன வார்த்தையையும் ஒளிக்காமல் சொன்னாள். அவன் அவள் நெற்றியையும் கையையும் மாறிமாறிப் பார்த்தான். கோபப்படுவான் என்று காத்திருந்தாள்.

"நீங்க செத்துட்டதாத்தான் அம்மை வந்து சொன்னா," என்றான். பிறகு மெதுவாக, "வீட்டுல சொல்ல வேண்டாம்க்கா. எம் மக மாசமா இருக்கா, பெட்டியில நேந்து கெடக்கா. கன்னியம்மா உசிரோட இருக்கான்னா, இத்தன வருஷம் கும்பிட்டது யாரை?"

சொல்லமாட்டேன் என்று கெசியா வாக்குக் கொடுத்தாள். வண்டி ஊரைத் தாண்டும்வரை அவன் அங்கேயே நின்றான்.

அந்த வருஷம் ஐப்பசியில் விஷக்காய்ச்சல் ஊர் ஊராகப் பரவியது. ஒரு காலையில் பரமசிவன் சேரன்மகாதேவிக்கு நடந்தே வந்து சேர்ந்தான். இசக்கியம்மாவும், பிறந்து ஒரு மாதமான பேரனும் படுக்கையில் கிடக்கிறார்கள் என்றான். மருந்துக்குத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து கெசியா ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதப் போனாள். அவன் வேண்டாமென்று தடுத்தான்.

"நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. பிழைச்சுக்கிடுவாங்கன்னு."

தான் வெறும் மனுஷி, கிறிஸ்தவள், அப்படியெல்லாம் சொல்லக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தாள். அவன் கைகளைக் கூப்பியிருந்தான். அவன் கண் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குள் வேறு யாரையோ பார்த்தது.

"பிழைச்சுக்கிடுவாங்க. போ."

இசக்கியம்மா பிழைத்தாள். குழந்தை நான்காம் நாள் செத்துப்போனது.